ஒரு லட்சம் பேர் சொன்னால் உண்மையாகிவிடுமா? மாதிரியும் சாய்வும்

கேள்வி | ஆகஸ்ட் 9, 2025

ஒரு யூடியூப் சேனல் "அடுத்த ஆட்சி யாருடையது?" என்று கேட்டு ஒரு லட்சம் வாக்கு வாங்கியிருக்கிறது. அதே வாரம் ஒரு நிறுவனம் 1,500 பேரிடம் கேட்டதாகச் சொல்லி வேறு முடிவை வெளியிட்டது. லட்சம் எங்கே, 1,500 எங்கே? பெரிய எண்ணைத்தானே நம்ப வேண்டும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி. ஆறு கோடி வாக்காளருக்கு எப்படிப் பொருந்தும்?

ஆகஸ்ட் 9, இரவு

பொருந்தும், ஒரே ஒரு நிபந்தனையோடு. கொதிக்கும் தண்ணீரில் அரிசி தானாகவே புரண்டுகொண்டிருக்கிறது. அதனால் கரண்டியில் எந்தப் பருக்கை வந்தாலும் அது பானையின் சாட்சி. பானை சின்னதா, கல்யாண அண்டாவா என்பது பொருட்டே இல்லை. புரளாத பானையில் மேலாக அள்ளினால், ஒரு சோறு இல்லை, அரைப் பானையை அள்ளினாலும் அடியில் வேகாமல் கிடப்பது தெரியாது.

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று தற்செயல் பிழை. 1,500 பேரைச் சமவாய்ப்பில், அதாவது யாரும் தேர்வாக ஒரே அளவு வாய்ப்பு இருக்கும்படி எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம். ஆட்களைக் கூட்டினால் அது குறையும். இன்னொன்று சாய்வு. ஒரே பக்கமாக இழுக்கும் பிழை அது. ஆட்களைக் கூட்டினால் அது குறையாது. தவறான எண் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கைதான் கூடும்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பாருங்கள். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை யாருக்கு வாக்கு என்று கேட்டு ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எதிர்த்து நின்ற லாண்டனுக்கு ஏறத்தாழ 12.9 லட்சம், அப்போது ஆட்சியில் இருந்த ரூஸ்வெல்ட்டுக்கு 9.7 லட்சம். தேர்தலில் ரூஸ்வெல்ட் 61 சதவீத வாக்கு வாங்கினார். 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்னும் வெர்மான்ட்டும் மட்டும். அதற்கு முந்தைய தேர்தல்களில் எல்லாம் வெற்றியாளரைச் சரியாகச் சொன்ன பத்திரிகை அது. 1938-இல் இல்லாமலே போயிற்று. அதைவிட மிகக் குறைந்த ஆட்களை வைத்து, ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 10

"தொலைபேசியும் காரும் வைத்திருந்த பணக்காரர்களிடம் மட்டும் கேட்டார்கள், அதுதான் காரணம்" என்று மூன்று பேர் கீழே எழுதியிருக்கிறீர்கள். பாடப்புத்தகங்களும் அப்படித்தான் முடிக்கின்றன. அது பாதிதான்.

தேர்தல் முடிந்த மறு ஆண்டு, 1937-இல், கேலப் ஒரு ஆய்வில் அட்டை வந்ததா, திருப்பி அனுப்பினீர்களா, யாருக்கு வாக்களித்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார். 1988-இல் பெவரில் ஸ்கொயர் என்ற ஆய்வாளர் அந்தத் தரவை எடுத்து அலசினார். காரும் தொலைபேசியும் இரண்டும் வைத்திருந்தவர்களிலேயே பெரும்பான்மை ரூஸ்வெல்ட் பக்கம்தான். இரண்டும் இல்லாதவர்களிடம் அவருக்கு ஆதரவு இன்னும் மிக அதிகம். ஆகவே அட்டை அனுப்ப எடுத்த பட்டியல் சாய்ந்திருந்தது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த எல்லோரும் பதில் அனுப்பியிருந்தால் கணிப்பு ரூஸ்வெல்ட்டைத்தான் காட்டியிருக்கும். ஆட்சி மேல் கோபமாக இருந்தவர்கள் உட்கார்ந்து அட்டையை நிரப்பித் தபாலில் போட்டார்கள். திருப்தியாக இருந்தவர்களில் பலர் அட்டையை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். பட்டியலில் யார் இல்லை என்பதை எல்லோரும் கேட்கிறோம். பட்டியலில் இருந்தும் வாய் திறக்காதவர் யார் என்று கேட்பதில்லை.

ஆகஸ்ட் 12

"இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம்மூரில் வீடு வீடாகப் போய்த்தானே கேட்கிறார்கள்?" என்ற கேள்விக்கு.

நான் கல்லூரி முடித்த கையோடு ஒரு நிறுவனத்தில் கள ஆய்வாளராக இருந்தேன். வீட்டுச் செலவு, வேலை, உடல்நலம் என்று கேள்வித்தாளோடு தெருத் தெருவாகப் போகும் வேலை. எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி எளிமையானது: தேர்ந்தெடுத்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீடு. நாளுக்கு இத்தனை படிவம் என்று இலக்கு இருந்ததால் மேற்பார்வையாளரும் வேறு மாதிரி சொல்ல மாட்டார்.

பகல் பதினொரு மணிக்குப் பூட்டியிருக்கும் வீடு யாருடையது? கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு. சித்தாள் வேலைக்குக் காலையில் லாரியேறிப் போன குடும்பம். திருப்பூர்ப் பக்கத்தில் என்றால் பனியன் கம்பெனி ஷிப்ட்டில் இருப்பவர்கள். திறந்திருக்கும் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்றவர், பாட்டி, கைக்குழந்தையோடு இருக்கும் பெண். ஒரு பூட்டிய வீட்டுக்குப் பதில் ஒரு திறந்த வீடு என்று மாற்றும்போது எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் கேட்க வந்த விஷயமே வேலை பற்றியது. வேலையில் இருப்பவர்களை வடிகட்டிவிட்டு ஊரில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டால் என்ன வரும்?

தேசியக் குடும்பநல ஆய்வில் மாற்று வீடு கிடையாது. பூட்டியிருந்தால் திரும்பத் திரும்பப் போக வேண்டும், மாலையில் போக வேண்டும். கடைசி வரை ஆளே கிடைக்கவில்லை என்றால் "கிடைக்கவில்லை" என்று எழுத வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு படிவத்தின் மதிப்பு உண்டு. எங்கள் கணக்கில் அப்படிப்பட்ட வீடுகளே இருந்ததில்லை. எல்லாப் படிவமும் நிரம்பியிருந்தது, அதைப் பெருமையாக அறிக்கையில் எழுதவும் செய்தார்கள். அந்த வேலையை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆகஸ்ட் 12, பிற்பகல்

வீடு கிடைத்த பிறகும் வேலை முடியாது. கதவைத் திறப்பவரிடமே கேட்டுவிட்டால் அதுவும் சாய்வுதான். நம் ஊரில் வெளியாள் கேட்டால் அப்பாவோ மாமனாரோ வந்து பதில் சொல்வார். மருமகளுக்குப் போட வேண்டிய கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். அதற்காகத்தான் வீட்டில் உள்ளவர்களை வயது வாரியாக எழுதி, அட்டவணையைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. அது முடியாத இடத்தில் "அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறது?" என்று கேட்பார்கள். விளையாட்டு போலத் தெரியும், ஆனால் பெரியவரைத் தாண்டி உள்ளே போக நல்ல வழி.

ஆகஸ்ட் 17

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பயிர்க் காப்பீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் வயலில் விளைச்சலே இல்லை, அறுவடைப் பரிசோதனையில் மட்டும் எப்படி நல்ல விளைச்சல் வருகிறது?"

அவர் ஊரில் என்ன நடந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அறுவடைப் பரிசோதனை என்பது சில வயல்களில் ஒரு துண்டை மட்டும் அறுத்து எடை போட்டு விளைச்சலைக் கணிப்பது, கிராம அளவுக்கு நடப்பது. ஒருவர் வயலுக்கும் கிராமச் சராசரிக்கும் நிறைய வித்தியாசம் இருக்கலாம். ஆனால் இந்தப் பரிசோதனையில் சாய்வு எங்கே நுழையும் என்பது இந்தியப் புள்ளியியலின் பெரிய விவாதங்களில் ஒன்று. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1940-களில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணலுக்கும் நெல்லுக்கும் மாதிரி ஆய்வு நடத்தினார். நிறைய இடங்களில் சின்னச் சின்னத் துண்டாக அறுத்து எடை போடலாம் என்பது அவர் வழி. இன்னொரு புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே டெல்லியில் இருந்து இதை எதிர்த்தார். துண்டு சின்னதாகச் சின்னதாக விளைச்சல் மதிப்பு உண்மையைவிடக் கூடுதலாக வருகிறது என்று வயலில் அறுத்துக் காட்டினார். இரண்டு அடி, மூன்று அடி ஆரமுள்ள வட்டங்களில் அது நன்றாகவே தெரிந்தது. 1946-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழிலும் எழுதினார்.

காரணம் கோட்டின் மேல் நிற்கும் பயிர். கயிறு கட்டி அறுக்கும்போது விளிம்பில் நிற்கும் தூர் உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க வேண்டும். கனமான கதிர் சாய்ந்து உள்ளே வந்து கிடக்கும். அறுப்பவர் கை அதை விடாது. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, கை தானாகப் போகும்.

இப்போது கணக்கு. ஒவ்வொரு பக்கமும் வெறும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக அறுக்கிறார் என்று வையுங்கள். ஒரு மீட்டர் சதுரம் 1.10 மீட்டர் சதுரமாகிறது. பரப்பு 1.21, அதாவது விளைச்சல் 21 சதவீதம் கூடிவிட்டது. நெல்லுக்கு இப்போது நம்மிடம் வழக்கத்தில் உள்ளது 5 மீட்டருக்கு 5 மீட்டர். அதே கை, அதே 5 சென்டிமீட்டர். 25 சதுர மீட்டர் 26.01 ஆகிறது, 4 சதவீதம் மட்டும் கூடுதல். சின்னத் துண்டுகளை ஆயிரமாயிரமாக அறுத்தாலும் அந்த 21 அப்படியே நிற்கும்.

மகலனோபிஸ் விஷயம் தெரியாமல் பேசவில்லை. நல்ல பயிற்சி பெற்ற ஆட்களும் ஒழுங்கான வட்டக் கருவியும் இருந்தால் சாய்வைக் கட்டுப்படுத்தலாம் என்றார். வருவாய்த் துறை, வேளாண் துறை ஆட்களை வைத்து நாடு முழுக்க நடத்த வேண்டிய வேலை இது என்றார் சுகாத்மே. நான் சுகாத்மே பக்கம். கவனமான ஆளை நம்பி வடிவமைத்த முறை, கவனம் சிதறுகிற மதிய வெயிலில் நிற்காது.

தாலுகாவிலோ கிராமத்திலோ எந்த வயல் என்பதைச் சமவாய்ப்பு எண்ணை வைத்து எடுக்க வேண்டும், வயலுக்குள் எந்த மூலை என்பதையும் அப்படியே. தஞ்சாவூர் நண்பர் கேட்க வேண்டியது இதுதான்: எந்தச் சர்வே எண் தேர்வானது, அது எப்படித் தேர்வானது, சாலை ஓர வயலாகவே எல்லாம் அமைந்ததா?

ஆகஸ்ட் 18

"குலுக்கிப் போட்டால் போதாதா?" போதும், குலுக்கினால்.

1969 டிசம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு ஆளெடுக்கப் பிறந்த தேதிகளைக் குலுக்கலில் எடுத்தார்கள். 366 குப்பிகள். மாதம் மாதமாகப் பெட்டிக்குள் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்த பையன்களுக்கு முன்வரிசை எண்கள் அதிகம் விழுந்தன. கலக்காத பெட்டி, போருக்குப் போகிறவன் யார் என்று தீர்மானித்தது.

நம் பக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லலாம். பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டு. குடும்பு (ஊரின் ஒரு பகுதி) வாரியாகப் பெயர் எழுதிய ஓலைகள், குடம், சபை நடுவில் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்வது. எடுக்கிற கைக்கு விருப்பம் இருக்கக் கூடாது என்பதை எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள்! ஆனால் ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குக் கீழ் இருக்க வேண்டும், வேதப் பயிற்சியும் வேண்டும். குலுக்கல் சுத்தம். குடத்துக்குள் யார் என்பது தனிக் கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பி "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எல்லோருக்கும் ஜனநாயகம்" என்று பகிர்கிறார்கள். அதனால்தான் நீட்டிச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "சாய்வு இருக்கட்டும், ஒரு லட்சம் பேர் இருக்கும்போது அது சின்னதாகத்தானே இருக்கும்?"

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஹார்வர்டில் இருக்கும் புள்ளியியலாளர் சியாவோ-லி மெங் 2018-இல் இதற்கு ஒரு அழகான சமன்பாடு கொடுத்தார். பிழை மூன்று விஷயங்களின் பெருக்கல். பதில் சொல்வதற்கும் சொல்லப்படும் பதிலுக்கும் உள்ள தொடர்பு ஒன்று. பதில் சொல்லாதவர்களின் எண்ணிக்கையைப் பதில் சொன்னவர்களின் எண்ணிக்கையால் வகுத்து எடுத்த வர்க்கமூலம் இன்னொன்று. மூன்றாவது, மக்களின் கருத்து எவ்வளவு பிரிந்து கிடக்கிறது என்பது.

தமிழ்நாட்டு வாக்காளர் 6 கோடி என்று வைப்போம். கேட்டது ஒரு லட்சம். வகுத்தால் 599, வர்க்கமூலம் ஏறத்தாழ 24.5. கருத்து பாதிப் பாதியாகப் பிரிந்திருந்தால் மூன்றாவது எண் 0.5. தொடர்பு வெறும் 0.005 என்று வைப்போம் (முழுத் தொடர்பு என்றால் 1). எந்தப் படத்தில் போட்டாலும் கண்ணுக்கே தெரியாத அளவு அது. பெருக்கினால் 0.061. ஆறு சதவீதப் புள்ளி, ஒரே பக்கமாக. ஒரு தேர்தலையே புரட்டும் வித்தியாசம்.

இன்னொரு விதமாகச் சொன்னால், அந்த ஒரு லட்சம் வாக்கு, சமவாய்ப்பில் எடுத்த ஏறத்தாழ 67 பேருக்குச் சமம். ஆம், அறுபத்தேழு. 1,500 பேரை ஒழுங்காக எடுத்தவர் எங்கேயோ இருக்கிறார். சேனலைப் பின்தொடர்பவர்கள்தான் வாக்களிக்கிறார்கள் என்னும்போது உண்மையான தொடர்பு 0.005-ஐவிடப் பெரிதாக இருக்கவே வாய்ப்பு.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. 2021-இல் அமெரிக்காவில் ஃபேஸ்புக் வழியாக வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டார்கள். தடுப்பூசி போட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று மே மாதத்தில் வந்த மதிப்பு உண்மையைவிட 17 சதவீதப் புள்ளி கூடுதல். அதே நேரத்தில் ஆயிரம் பேர் அளவில் கவனமாக எடுத்த இன்னொரு ஆய்வு உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. எந்தப் பகுதியில் தடுப்பூசி போகவில்லை என்று தேடும் அதிகாரிக்கு அந்த 17 எவ்வளவு பெரிய குழி என்று யோசியுங்கள்.

ஆகஸ்ட் 30

ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். வகுப்பில் "உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டுச் சராசரி எடுத்தால், ஊர்ச் சராசரியைவிட எப்போதும் கூடுதலாக வருகிறதாம். பிள்ளைகள் பொய் சொல்கிறார்களா என்று கேட்கிறார்.

இல்லை. பத்து வீடு. ஐந்து வீட்டில் ஒரு பிள்ளை, ஐந்து வீட்டில் மூன்று. வீட்டுச் சராசரி 2. மொத்தம் 20 பிள்ளைகள். அவர்களில் 5 பேர் "ஒன்று" என்பார்கள், 15 பேர் "மூன்று" என்பார்கள். கூட்டினால் 50, சராசரி 2.5. பெரிய குடும்பம் மூன்று முறை கை தூக்குகிறது. பிள்ளை இல்லாத வீடு ஒருமுறைகூடத் தூக்குவதில்லை. எல்லோரும் உண்மை சொல்லி, எல்லோரையும் கேட்டு, அப்படியும் சாய்வு. இதை அவர் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

செப்டம்பர் 6

யாரைக் கேட்கிறோம் என்பதிலேயே நிற்கிறோம். எப்படிக் கேட்கிறோம் என்பதும் நாட்டின் வறுமைக் கணக்கையே மாற்றியிருக்கிறது.

வீட்டுச் செலவைக் கேட்டறியும் அரசின் தேசிய மாதிரி ஆய்வு பல பத்தாண்டுகளாக "கடந்த 30 நாளில் என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டு வந்தது. 1990-களின் பிற்பாதியில் சில வீடுகளில் 30 நாள், வேறு வீடுகளில் உணவுக்கு 7 நாள் என்று சோதித்தார்கள். 7 நாள் கேட்டால் உணவுச் செலவு கூடுதலாக வந்தது. செலவு கூடினால் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் குறைவார்கள். மக்கள் தட்டில் ஒரு கவளமும் மாறவில்லை, கேள்விதான் மாறியது.

பிறகு 1999-2000-இல், 55-ஆவது சுற்றில், ஒரே படிவத்தில் இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதை இழுக்காதா? வறுமை 1993-94-இல் 36 சதவீதமாக இருந்தது, 26-க்கு இறங்கியதாக அரசு அறிவித்தது. பெரிய சண்டை. பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன், பின்னாளில் 2015-இல் நோபல் வாங்கியவர், கேள்வி மாறாத பொருள்களின் செலவை வைத்துத் திருத்திப் பார்த்தார். வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அறிவித்த அளவுக்கு இல்லை என்று வந்தது.

களத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது புரியும். "போன மாசம் எண்ணெய் எவ்வளவு வாங்கினீங்க அம்மா?" என்றால் அவர் மேலே பார்த்து யோசித்து ஒரு முழு எண்ணைச் சொல்வார். வாரக் கணக்கைக் கேட்டால் கடைக்குப் போன நாளே நினைவுக்கு வரும். ஆனால் எட்டு ஒன்பது நாளுக்கு முன் வாங்கியதையும் "போன வாரம்தான்" என்று சேர்த்துவிடுவார். எது சரி என்று சட்டென்று சொல்ல முடியாது. ஒன்றை வைத்துக்கொண்டு ஆண்டுக்காண்டு மாற்றாமல் இருந்தால் ஒப்பிடவாவது முடியும். 2022-23 வீட்டுச் செலவு ஆய்வில் மூன்று கேள்வித்தாள், மூன்று மாதம், மூன்று தனித்தனி வருகை என்று மாற்றியிருக்கிறார்கள். முறை நல்லதுதான். பழைய எண்ணோடு நேராக வைத்துக் கழித்துப் பார்க்கும் கட்டுரைகளைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

செப்டம்பர் 7

போர் விமானத்தின் குண்டுத் துளைக் கதையை (திரும்பி வந்த விமானங்களின் துளைகளை மட்டும் பார்த்து, விழுந்துவிட்ட விமானங்களை மறந்த கதை) ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பதில் ஜோசப் பெர்க்சன் என்ற மருத்துவப் புள்ளியியலாளர் 1946-இல் சொன்னதைப் படியுங்கள்: பொது மக்களிடம் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு நோய்கள், மருத்துவமனையில் படுத்திருப்பவர்களை மட்டும் பார்த்தால் தொடர்புள்ளவை போலத் தெரியும். ஏனென்றால் இரண்டில் ஏதோ ஒன்று இருந்ததால்தான் அவர்கள் அங்கே வந்தார்கள்.

செப்டம்பர் 21

முதுகலை மாணவி ஒருவரின் கேள்வி: விடுதி உணவு பற்றிய ப்ராஜெக்ட். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு 640 பதில் வந்திருக்கிறது. வழிகாட்டி "நல்ல எண்ணிக்கை" என்றாராம். இவருக்கு மனசு ஒப்பவில்லை.

ஒப்பாதது சரி. 640-ஐத் தூக்கிப் போட வேண்டாம். என்னென்ன குறைகள் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது உதவும். எத்தனை சதவீதம் பேர் சொல்கிறார்கள் என்பதற்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். சாப்பாடு பிடிக்காதவர்தான் படிவத்தைத் திறப்பார், 1936 அட்டை மாதிரியே.

விடுதி அலுவலகத்தில் அறை வாரியான பெயர்ப் பட்டியல் இருக்கும். அதில் வரிசை எண் போட்டு, கணினியில் சமவாய்ப்பு எண் எடுத்து 100 பேரைக் குறியுங்கள். பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர், காலி செய்தவர் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பிறகு அந்த 100 பேரை மட்டும் துரத்துங்கள். இரவு எட்டு மணிக்கு, ஞாயிறு காலையில், அறைக் கதவைத் தட்டி. ஊருக்குப் போயிருந்தால் திரும்பி வரும் வரை காத்திருங்கள். பக்கத்து அறைப் பெண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். மெஸ் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். "சாப்பாடு மோசமாகத்தானே இருக்கிறது?" என்ற மாதிரி கேள்வி இருந்தால் மாற்றி எழுதுங்கள்.

100-இல் 85 பேர் பேசினால் அந்த 85 உங்கள் 640-ஐவிட மதிப்புள்ளது. பேசாத 15 பேர் எந்த ஆண்டு, எந்தத் துறை என்று பட்டியலைப் பார்த்தே எழுதலாம். அதற்கு அறிக்கையில் ஒரு அட்டவணை ஒதுக்குங்கள். 640-இன் சதவீதத்தையும் 85-இன் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வழிகாட்டிக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்காது. முடிந்ததும் இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், பேசாதவர் கணக்கோடு சேர்த்து.